கரண்ட் பில் பாக்கி என்று வந்த மெசேஜ், அப்பா இழந்த 68,498 ரூபாய்

பெற்றோர் ஊரில் தனியாக இருக்க, வெளியூரில் இருந்துகொண்டு அவர்கள் வீட்டுக் கரண்ட் பில்லை போனிலேயே கட்டுகிறவர்கள் யாராவது இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். எங்கள் வீட்டில் நடந்தது அப்படியே இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சென்ற ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை, கும்பகோணத்தில் நல்ல மழை. சாயங்காலம் அப்பாவின் போனுக்கு ஒரு மெசேஜ். போன மாத பில் கணக்கில் ஏறவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு உங்கள் வீட்டு மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே மின் அதிகாரியை இந்த எண்ணில் அழையுங்கள் என்று. அடியில் ஒரு சாதாரண பத்து இலக்க மொபைல் எண்.

அப்பாவுக்கு 71 வயது. அரசு வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நாள்கூட பில்லுக்குக் கெடு தாண்டவிட்டதில்லை. முன்பெல்லாம் அவரே ஈபி ஆபீஸில் வரிசையில் நின்று கட்டி ரசீதை அட்டையோடு சேர்த்துச் செருகி வைப்பார். கடந்த நாலு வருடமாக நான்தான் சென்னையில் இருந்து கட்டுகிறேன், அவர் கையில் ரசீது என்று ஒன்றும் இருப்பதில்லை. அதனால் மெசேஜைப் பார்த்ததும் அவருக்கு வந்த முதல் சந்தேகம் மெசேஜ் மேல் இல்லை, பையன் மறந்திருப்பானோ என்றுதான். ஃபியூஸைப் பிடுங்கிவிட்டால் தெருவில் நாலு பேர் பார்ப்பார்கள், ஃப்ரிட்ஜில் அம்மாவின் இன்சுலின் இருக்கிறது, அதுவும் சனிக்கிழமை ராத்திரி, திங்கள் வரை யாரைப் போய்ப் பார்ப்பது. இவ்வளவும் அவர் மனதில் ஓடியிருக்கிறது. அந்த எண்ணை அழைத்துவிட்டார்.

எடுத்தவன் நல்ல தமிழில் பேசினானாம். 'சார், நீங்க பெரியவங்க, மழையில அலைய வேண்டாம், பத்து ரூபா மட்டும் கட்டி அப்டேட் பண்ணிட்டா போதும், நான் லைன்லயே இருக்கேன்' என்று அவ்வளவு பணிவு. ஒரு செயலியை இறக்கச் சொல்லியிருக்கிறான். அது நம் போன் திரையில் ஓடுவதை அப்படியே இன்னொருவர் தூரத்தில் இருந்து பார்க்க வழி செய்கிற செயலி. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவர்கள் நல்ல காரியத்துக்குப் பயன்படுத்துவதுதான். அதில் வருகிற ஒன்பது இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு, ஒரு லிங்க்கை அனுப்பி, பத்து ரூபாய்க்கு ஏடிஎம் கார்டு எண், பின்பக்கத்து மூன்று இலக்கம் எல்லாவற்றையும் அடிக்க வைத்திருக்கிறான். அப்பா ஓடிபியை வாயால் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை, திரையில் வந்து விழுந்ததை அங்கிருந்தே படித்துவிட்டார்கள். 24,999, மறுபடி 24,999, அப்புறம் 18,500. பணம் எடுக்கப்பட்ட மெசேஜ்கள் வந்துகொண்டிருக்கும்போது 'லைனைக் கட் பண்ணாதீங்க சார், பாதியில நின்னுடும்' என்று பேச்சில் பிடித்து வைத்திருந்தான். ஆறு இருபதுக்கு எல்லாம் முடிந்துவிட்டது.

இதில் எவ்வளவு ஓட்டை இருந்தது என்று இப்போது பார்த்தால் வயிறு எரிகிறது. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் கணக்கெடுக்கிறார்கள், தமிழ்நாட்டில் பெரும்பாலும் அதுதான் வழக்கம். 'போன மாத பில்' என்ற பேச்சே இங்கே பொருந்தாது. நாடு முழுக்க ஒரே வாசகத்தை மொழி மாற்றி அனுப்புகிறார்கள். ரீடிங் எடுத்தபின் கட்ட 20 நாள் தருகிறார்கள். மின்வாரியம் அனுப்பும் குறுஞ்செய்தி ஆங்கில எழுத்துப் பெயரில் வரும், யாரோ ஒருவருடைய மொபைல் எண்ணில் இருந்து வராது. சந்தேகம் வந்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987 இருக்கிறது, ராத்திரியிலும் எடுப்பார்கள். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் மெசேஜ் வந்தது எனக்கு இல்லையே.

பணம் போனதைவிட என்னை வாட்டியது அதற்கு அடுத்து நடந்ததுதான். அப்பா யாரிடமும் சொல்லவில்லை. ஞாயிறு முழுக்க அம்மாவிடம்கூட வாயைத் திறக்கவில்லை. திங்கள் காலை பத்து மணிக்குத் தானே வங்கிக்குப் போயிருக்கிறார். முப்பது வருடமாகக் கணக்கு வைத்திருக்கிற கிளை. அங்கே கவுன்டரில் இருந்தவர், 'நீங்களே கார்டு நம்பரைக் குடுத்துட்டு எங்களைக் கேட்டா நாங்க என்ன சார் பண்றது, போலீஸ்ல எஃப்ஐஆர் போட்டு வாங்கிட்டு வாங்க' என்று எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொல்லியிருக்கிறார். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்து, ஒரு கடிதம் எழுதி வாங்கிக்கொண்டு, அப்புறம்தான் கார்டை முடக்கினார்கள். இந்த மாதிரி மோசடிக்குப் புகார் சொல்ல 1930 என்று ஒரு எண் இருக்கிறது, அதற்கு உடனே பேசுங்கள் என்று அந்தக் கிளையில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மத்தியானம் அம்மா எனக்குப் போன் செய்து, 'உங்கப்பா நேத்துலேர்ந்து சரியா சாப்பிடல, பேங்க்குக்குப் போயிட்டு வந்து படுத்துட்டார், என்னன்னு கேளு' என்றபோதுதான் விஷயம் தெரிந்தது. 1930க்கு நான் பேசும்போது ஒன்று இருபது. 43 மணி நேரம் கடந்துவிட்டிருந்தது.

அந்த 43 மணி நேரத்தின் விலை என்ன என்று அன்றைக்குப் புரிந்தது. 1930 என்பது இணைய நிதி மோசடிக்கான நாடு தழுவிய உதவி எண். எந்த வங்கி, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்டுக்கொண்டு, பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் அனுப்பி, அங்கே இன்னும் பணம் இருந்தால் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். திருடுகிறவர்கள் பணத்தை ஒரு கணக்கில் வைத்திருப்பதில்லை, வாடகைக்குப் பிடித்த கணக்குகளில் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றி ஏடிஎம்மில் எடுத்துவிடுகிறார்கள். எங்கள் விஷயத்தில் முதல் இரண்டு தொகையும் போயே போய்விட்டது, கடைசி 18,500 மட்டும் ஒரு வாலெட்டில் மாட்டிக்கொண்டது. அதைத் திரும்பப் பெற கோர்ட் உத்தரவு வரை போய், ஏழு மாதம் ஆனது. சனிக்கிழமை ஏழு மணிக்கே பேசியிருந்தால் மீதியும் கிடைத்திருக்குமா என்ற கேள்வி இன்னும் எனக்குள் இருக்கிறது.

வங்கி சொன்னதை அப்படியே நம்பி வந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட சுற்றறிக்கையைத் தேடிப் படித்தேன். வாடிக்கையாளர் கவனக்குறைவால் விவரம் போயிருந்தால், புகார் கொடுக்கும் வரை நடந்த நஷ்டம் அவருடையது, ஆனால் புகார் கொடுத்தபின் ஒரு ரூபாய் போனாலும் அது வங்கியின் பொறுப்பு. புகார் வாங்க 24 மணி நேரமும் வழி வைத்திருக்க வேண்டும் என்றும் அதிலேயே இருக்கிறது. அதனால் கிளை திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு ராத்திரியே பேசி முடக்கிவிட்டு, புகார் எண்ணை வாங்கி, பேசிய நேரத்தோடு குறித்து வையுங்கள். வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரம் கேட்க 14448. அப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்ததற்கும் சேர்த்துத்தான் நான் போயிருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஒருமுறை ஏமாந்த எண் என்று எப்படியோ பரவிவிடுகிறது போல. அடுத்த மாதமே 'சைபர் கிரைமில் இருந்து பேசுகிறோம், பணத்தை மீட்டுத் தர 2,000 ரூபாய் கட்டணம்' என்று ஒருவன். உங்கள் பெயரில் பார்சலில் போதைப்பொருள், வீடியோ காலில் இருந்து நகரக்கூடாது, டிஜிட்டல் கைது என்று இன்னொருவன். அப்படி ஒரு கைது நம் சட்டத்திலேயே கிடையாது. இன்சூரன்ஸ், லோன் என்று நாளுக்கு ஆறேழு அழைப்பு தனி. விளம்பர அழைப்புகளை நிறுத்த 1909ல் பதிவு செய்தோம், ஓரளவு குறைந்தது. மோசடி என்று தெரிகிற எண்களை அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் பதிந்துகொண்டே வருகிறேன்.

வீட்டில் நாங்கள் மாற்றிக்கொண்டது ஒன்றே ஒன்று. அன்று திங்கள் மத்தியானம், ஏம்ப்பா உடனே சொல்லல என்று கேட்டதற்கு அப்பா, 'நீ என்ன சொல்லுவியோன்னு இருந்துச்சு' என்றார். போன வருடம் ஏதோ ஒரு வாட்ஸப் லிங்க்கைத் தொட்டதற்கு, 'கண்டதையெல்லாம் ஏம்ப்பா தொடறீங்க' என்று நான் சத்தம் போட்டிருக்கிறேன். அதை அவர் மறக்கவில்லை. அந்தப் பயத்தில்தான் 43 மணி நேரம் போனது. அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். இப்போது பில் கட்டியதும் ரசீதை அவருக்கு அனுப்புகிறேன், அவர் தெருமுனைக் கடையில் பிரிண்ட் எடுத்து முன்போலவே அட்டையில் செருகி வைக்கிறார். ஃப்ரிட்ஜ் கதவில் பெரிய எழுத்தில் 1930, அதற்குக் கீழே என் எண்.

போன வாரம் இரவு பத்தே முக்காலுக்கு அப்பாவிடம் இருந்து போன். பதறிக்கொண்டுதான் எடுத்தேன். 'தூங்கிட்டியா தம்பி? கேஸ் கனெக்‌ஷன்னு ஒரு மெசேஜ் வந்திருக்கு, நான் ஒண்ணும் தொடல, படிக்கிறேன் கேளு' என்றார்.