டாட்ஸ் ஆர்மி டிவிடி பெட்டி: சார்ஜென்ட் வில்சனுக்காகவே பார்க்கலாம்

மதினி லண்டனில் இருந்து பாளையங்கோட்டைக்கு வந்தபோது கொண்டுவந்து தந்த பெட்டி இது. பிபிசியில் 1968 முதல் 1977 வரை ஓடிய காமெடித் தொடர். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மன்காரன் எந்த நேரம் வந்து இறங்குவானோ என்று ஒரு கடற்கரை ஊரைக் காவல் காக்கிற உள்ளூர்ப் படை, அதில் பாதிப்பேர் வயசாளிகள். பேங்க் மேனேஜர் மெயின்வாரிங் கேப்டன், அவருக்குக் கீழே தலைமை குமாஸ்தாவாக இருக்கிற வில்சன் சார்ஜென்ட்.

வில்சனாக வருகிற ஜான் லெ மெசூரியரைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். 1912இல் பிறந்தவர், வக்கீல் ஆபீஸில் தொழில் பழகப் போய், அதை விட்டுவிட்டு நடிப்புப் பள்ளியில் சேர்ந்தவர். நூறு படங்களுக்கு மேல் நடித்தும் பெரும்பாலும் சின்ன வேஷங்கள்தான். வில்சன் கிடைத்தபோது வயது 56. அந்த வேஷத்துக்கு அவர் பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. சட்டையில் ஒன்றிரண்டு பட்டன் போடாமல் விட்டிருப்பார், சட்டைக் கையை லேசாக மடித்திருப்பார், படையை வரிசையில் நிற்கச் சொல்வதைக்கூட விருந்துக்கு அழைக்கிற மாதிரி மெதுவாகச் சொல்வார். இத்தனைக்கும் நிஜ வாழ்க்கையில் டாங்கிப் படை கேப்டன், போரின் கடைசி வருஷங்களில் நம் நாட்டில்தான் இருந்தார்!

ஆர்தர் லோ கேப்டனாகக் கத்திக்கொண்டிருக்கும்போது வில்சன் முகத்தைப் பாருங்கள். 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் கதை சொல்ல, டி.எஸ்.பாலையா கேட்டுக்கொண்டிருப்பாரே, யாரை ரசித்தோம் நாம்? கேட்கிறவரைத்தானே. இங்கேயும் அதே வித்தைதான், பாலையாவிடம் பயம் கூடிக்கொண்டே போகும், இவரிடம் ஒரு புருவம் அசையும், அவ்வளவுதான். பேங்கில் இருந்து ரிட்டையர் ஆன அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, "வாயே தொறக்காம மேனேஜருக்குப் பதில் சொல்லுதான் பாருலே" என்றார்கள்.

1973இல் வந்த 'தி ஹானரபிள் மேன்' பகுதியைத் தவறவிடாதீர்கள். வில்சன் குடும்பத்தில் ஒருவர் இறந்து, இவருக்கு 'ஹானரபிள்' என்று பிரபு குடும்பத்து அடைமொழி ஒன்று வந்து சேருகிறது. மெயின்வாரிங் பல வருஷமாக நுழைய முடியாத கோல்ஃப் கிளப், வில்சனைத் தானாகக் கூப்பிடுகிறது. கஷ்டப்பட்டு மேலே வந்தவரின் வயிற்றெரிச்சலும், கேட்காமலே எல்லாம் கிடைத்தவரின் சங்கடமும் நேருக்கு நேர் நிற்கிற இடம் அது, எனக்குச் சிரிப்பும் வந்தது, மனசும் கனத்தது. இந்த மனிதருக்கு சீரியஸ் நடிப்பு வராது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம், 1971இல் 'டிரெய்ட்டர்' என்ற டிவி நாடகத்தில் மாஸ்கோவுக்கு ஓடிப்போன ஒற்றனாக நடித்து பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கியவர். அது இந்தப் பெட்டியில் கிடையாது.

சரி, பெட்டிக்கு வருவோம். மொத்தம் 80 பகுதிகளில் மூன்று இல்லை, அந்தக் காலத்தில் டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்திவிட்டார்கள். முதல் இரண்டு சீசன்களும் கறுப்பு வெள்ளை. டிவிடிக்கு உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒரு மண்டலத்து டிவிடி இன்னொரு மண்டலத்து பிளேயரில் ஓடாதபடி பூட்டு வைத்திருக்கிறார்கள். பிரிட்டனில் விற்கிற டிவிடி மண்டலம் 2, நம்மூர் பிளேயர் மண்டலம் 5, அதனால் வீட்டு பிளேயரில் ஓடவே இல்லை. கம்ப்யூட்டர் டிரைவில் மண்டலத்தை மாற்றலாம், ஆனால் மொத்தமே 5 தடவைதான் மாற்ற விடும், அதற்குப் பிறகு கடைசியாக வைத்ததிலேயே நின்றுவிடும். தமிழ்ப்பட டிவிடி பார்க்கிற டிரைவில் கைவைக்காமல், பழைய டிரைவ் ஒன்றை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.