நீல நிற போர்ட்டை நம்பி யுஎஸ்பி ஹப் வாங்காதீங்க

லேப்டாப்போட ஒரு யுஎஸ்பி போர்ட்டை நாலா பிரிக்கிற ஹப் ஒண்ணு. நாலு போர்ட்டும் நீல நிறம், வேகமான 3.0 போர்ட்டுக்கு வழக்கமா வர்ற நிறம். பெட்டியில பெருசா ‘3.0’. நம்பி வாங்கிட்டேன். மூணு வாரம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது, அதுல ஒரே ஒரு போர்ட்தான் நிஜமான 3.0. மத்த மூணும் பழைய, மெதுவான 2.0.

குடும்பப் படங்களை எஸ்எஸ்டிக்கு (வேகமான வெளி டிஸ்க்) மாத்தும்போதுதான் சந்தேகம் வந்துச்சு. மொத்தம் 200 ஜிபி. விநாடிக்கு 35 எம்பியைத் தாண்டவே இல்ல, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல இழுத்துச்சு. அதே டிஸ்க், அதே கேபிள், நேரா லேப்டாப்ல சொருகினா 400 எம்பி! அந்த 35ங்கிற எண்ணுதான் காட்டிக்கொடுத்துச்சு. 2.0வோட உச்சவரம்பு விநாடிக்கு 480 மெகாபிட், எட்டு பிட் ஒரு பைட்ங்கிறதால அதாவது 60 எம்பி. அதுலயும் நடைமுறையில கைக்கு வர்றது 35, 40தான். 3.0க்கு 5 ஜிகாபிட்.

டார்ச் அடிச்சு போர்ட்டுக்குள்ள பார்த்தேன். 3.0 போர்ட்னா உள்ள இருக்கிற பிளாஸ்டிக் நாக்குல பழைய நாலு பின்னோட, நுனிப் பக்கம் இன்னும் அஞ்சு சின்னச் சின்ன தகடு தெரியணும். முதல் போர்ட்ல ஒன்பதும் இருந்துச்சு. மத்த மூணுலயும் நாலே நாலு. நீல பிளாஸ்டிக்கை மட்டும் மாட்டி வச்சிருக்காங்க! லினக்ஸ்ல யுஎஸ்பி சாதனங்களை மரம் மாதிரி காட்டுற கட்டளையைப் போட்டும் பார்த்தேன். அந்த மூணுல எதுல சொருகினாலும் டிஸ்க்குக்கு நேரா 480ன்னுதான் வந்துச்சு, 5000 வரல.

விற்றவர்கிட்ட கேட்டா, “உங்க டிஸ்க்தான் ஸ்லோ சார்”ன்னார். ரெண்டு வேகத்தையும் படம் எடுத்து அனுப்பினேன். உடனே பேச்சு மாறுச்சு: “3.0 கம்பாட்டிபிள்னுதான் சார் போட்டிருக்கோம், எல்லா போர்ட்டும் 3.0ன்னு சொல்லலையே.” பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். அடியில, பொடி எழுத்துல, அந்த ‘கம்பாட்டிபிள்’ (3.0வோட சேர்ந்து வேலை செய்யும், அவ்வளவுதான்) வார்த்தை இருந்துச்சு. அதைவிட எரிச்சல், திருப்பி அனுப்புற கெடு அதுக்குள்ள முடிஞ்சிருந்துச்சு.

ஒண்ணு நியாயமா சொல்லணும். நல்ல 3.0 ஹப்லயும் எல்லா போர்ட்டும் ஒரே 5 ஜிகாபிட்டைத்தான் பங்கு போட்டுக்கும். ரெண்டு டிஸ்க்ல சேர்ந்து காப்பி பண்ணினா வேகம் குறையத்தான் செய்யும், அதை ஏமாத்துன்னு சொல்ல முடியாது. கீபோர்டு, மவுஸுக்கு 2.0வே தாராளம். ஆனா 2.0வை 3.0ன்னு விக்கிறது பச்சை மோசடி.

ஹப் வந்த அன்னிக்கே வேகமான டிஸ்க் ஒண்ணை ஒவ்வொரு போர்ட்லயும் தனித்தனியா சொருகி, பெரிய ஃபைல் ஒண்ணை காப்பி பண்ணிப் பாருங்க. முதல் போர்ட்டோட நிறுத்திடாதீங்க, நான் அங்கதான் ஏமாந்தேன். இன்னிக்குக் காலையில பார்த்தேன், அந்த விளம்பரத்துல இன்னமும் ‘4 போர்ட் 3.0’ன்னுதான் இருக்கு.