தயங்கியது ஜேக்காலா, டிஸ்க்கா?

போன மாதம் டிவிடி பிளேயருக்கு லென்ஸ் மாற்றினேன். 650 ரூபாய். "இதை இன்னும் வெச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்காரர் கையிலேயே வாங்கினார். இத்தனைக்கும் காரணம் ஒரே ஒரு படம், 1973-ல் ஃப்ரெட் ஸின்னமான் எடுத்த 'தி டே ஆஃப் தி ஜேக்கால்'. என் டிஸ்க்குக்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஓடும்.

பிரெஞ்சு அதிபர் த கோலைக் கொல்ல, அவரை எதிர்த்த ஓஏஎஸ் என்ற ரகசிய ஆயுதக் குழுவின் ஆட்கள் 'ஜேக்கால்' என்ற புனைபெயர் கொண்ட ஒரு ஆங்கிலேயனை அரை மில்லியன் டாலருக்கு அமர்த்தும் கதை. த கோல் 1970-ல் தன் வீட்டில்தான் இறந்தார், அது ஊருக்கே தெரியும். தெரிந்தும் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார வைக்கிறது படம்.

சரி, என் புகாருக்கு வருகிறேன். படம் பாதியைத் தாண்டியதும், ரகசியம் வெளியே போய்விட்டது என்று ஃபோனில் ஜேக்காலுக்குத் தெரிகிறது. காரில் ஒரு சந்திக்கு வருகிறான். ஒரு பாதை இத்தாலிக்கு, இன்னொன்று பாரிஸுக்கு. திரும்பிவிட்டால் உயிர் மிச்சம். வண்டியை நிறுத்துகிறான். அதே இடத்தில் என் டிஸ்க்கும் நின்றுவிடும். ஒரு விநாடிதான், சில நாள் ஒன்றரை. ஜேக்காலாக நடித்த எட்வர்ட் ஃபாக்ஸின் முகம் அப்படியே உறைந்திருக்கும். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடிப்பேன்.

புது லென்ஸிலும் அதே கதைதான். மறுபடி கடைக்குப் போனேன். கடைக்காரர் சிரித்தார். ஒரு அடுக்கில் 4.7 ஜிபிதான் கொள்ளும், நீளப் படமென்றால் இரண்டு அடுக்காகப் பதிவார்கள், முதல் அடுக்கு முடிந்து லேசர் இரண்டாவதைப் பிடிக்கும் நேரம்தான் அந்த நிற்பு என்றார். கோளாறு பிளேயரில் இல்லை, 650 ரூபாய் தண்டம்! அடுக்கு மாற்றத்தை வேறு எங்காவது, ஒரு காட்சி முடியும் இடத்தில், வைத்திருக்கக் கூடாதா அந்தப் புண்ணியவான்கள்?

அப்புறம் மச்சினன் வீட்டில் இதே படத்தை ஹெச்டியில் பார்த்தேன். நியாயமாகச் சொன்னால் என் டிஸ்க் அதன் பக்கத்தில் நிற்காது. இரவுக் காட்சிகள் என்னுடையதில் வெறும் கரி, இதில் சுவர்க் கடிகாரத்தின் முள் வரை தெரிகிறது (படம் முழுக்கக் கடிகாரம்தான்). தர்பூசணியை மரத்தில் கட்டிக் குறி பார்க்கும் காட்சி அற்புதம். பின்னணி இசை கிடையாது. சுடுகிறான், போய்ப் பார்க்கிறான், தொலைநோக்கியின் திருகை ஒரு மயிரிழை திருப்புகிறான், மறுபடி சுடுகிறான். கடைசிக் குண்டில் பழம் சிதறும்போது மச்சினன் காபியைச் சிந்திவிட்டான்.

அந்தச் சந்தியும் வந்தது. வண்டி நின்றது, கிளம்பியது. இவ்வளவுதானா? சாவா பிழைப்பா என்று இவன் யோசிக்கவே இல்லையே! இத்தனை வருஷம் நான் எட்வர்ட் ஃபாக்ஸுக்குக் கொடுத்த பாராட்டில் பாதி அந்த லேசருக்குப் போயிருக்க வேண்டியது.

எதை வாங்கலாம் என்று மச்சினன் கேட்டான். சந்தேகமே வேண்டாம், ஹெச்டி என்றேன். "அப்போ உங்க பழைய டிஸ்க்கை எனக்குக் கொடுத்துடுங்க மாமா, சும்மாதானே கிடக்கு" என்றான்.

கீறல் விழுந்து ஓடவே மாட்டேன் என்கிறது என்று சொல்லிவிட்டேன்.