எட்டு அங்குல ஃபுல் ரேஞ்ச் ஸ்பீக்கரும் 4 கிலோஹெர்ட்ஸ் தொல்லையும்

நாதஸ்வரத்தை மட்டும் கேட்க முடியவில்லை. வயலின், மிருதங்கம், பேச்சு எல்லாம் அருமையாகப் போய்க்கொண்டிருக்கும். நாதஸ்வரம் மேல் ஸ்தாயியைத் தொட்டதும் காதுக்குள் ஊசி இறங்கும். சொந்தமாகப் பெட்டி அடித்து, விஸ்ஸர் கோன் (பெரிய கூம்பின் நடுவில் ஒட்டிய சிறு கூம்பு) வைத்த ஃபுல் ரேஞ்ச் டிரைவரை, அதாவது தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை தனியாகவே ஒலிக்கும் ஸ்பீக்கர் அலகை, பூட்டியவர்களுக்கு இந்த எரிச்சல் பழக்கமானதுதான்.

பெரிய கடதாசிக் கூம்பு ஒரே துண்டாக அசைவதை விட்டுப் பகுதி பகுதியாக அதிரத் தொடங்கும் இடத்தில்தான் நடுவில் ஒட்டிய சிறு கூம்பும் வேலையைத் தொடங்குகிறது. சில அதிர்வெண்களில் இரண்டும் சேர்ந்து தள்ளுகின்றன, சிலவற்றில் ஒன்றை ஒன்று வெட்டுகின்றன. என் சோடியில் 4 கிலோஹெர்ட்ஸ் அருகே சத்தம் எகிறும் ஒரு மேடு, அதை அடுத்துச் சத்தம் விழும் ஒரு பள்ளம். மனிதக் காது மிகக் கூர்மையாக இருக்கும் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் எல்லைக்குள்ளேயே மேடு வந்து நிற்கிறது. டிரைவரோடு வந்த வரைபடத்தில் அது மழுங்கலாகத் தெரிந்தது. மைக் வைத்து அளந்தபோது ஏறக்குறைய 7 டெசிபெல். வாங்குபவரிடம் இதை மறைப்பது நேர்மையல்ல, எத்தனை முறை கேட்டாலும் அப்படித்தான் சொல்வேன்.

செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. 4 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 8.6 சென்டிமீட்டர். கூம்பு அதைவிட அகலம் என்பதால் அந்த ஒலி பக்கங்களில் பரவாமல் நேர்முன்னே பாய்கிறது. பெட்டிகளைக் காதை நோக்கித் திருப்பாமல் நேராக வைத்தாலே பாதித் தொல்லை போய்விடும். ஹட்டனில் எங்கள் வீட்டுக்குச் சீமெந்துச் சுவர், தகரக் கூரை. எந்தப் பக்கம் திருப்பினாலும் ஒலி எங்கோ பட்டுத் திரும்பி வருகிறது. சுவரில் கம்பளி தொங்கவிட்டேன். கம்பளி மேட்டை மட்டும் பார்த்து உறிஞ்சுமா? சலங்கையின் பளபளப்பும் சேர்ந்தே போனது.

கடைசியில் கைகொடுத்தது மூன்று உறுப்புகள் கொண்ட வடிகட்டி. 0.33 மில்லிஹென்றி கம்பிச்சுருள், 4.7 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, ஒரு மின்தடை. மூன்றையும் பக்க இணைப்பாகக் கட்டி, ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியில் தொடராக இணைக்க வேண்டும். சுருளும் மின்தேக்கியும் ஒத்திசையும் இடம் ஏறக்குறைய 4 கிலோஹெர்ட்ஸ். எவ்வளவு வெட்டுவது என்பதை மின்தடை தீர்மானிக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 8 ஓம் போட்டால் காகிதக் கணக்கில் 6 டெசிபெல் குறையும். ஆனால் டிரைவருக்குள் இருக்கும் சுருளின் மின்மறுப்பு அந்த அதிர்வெண்ணில் 8 ஓமுக்கு மேல் போய்விடுகிறது, அதனால் உண்மையான வெட்டு அதைவிடக் குறைவு. 15 ஓம் போட்டபோது வரைகோடு சமமானது, பாட்டு உயிரிழந்தது. 10 ஓமில் நிறுத்திக்கொண்டேன். மேட்டில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது, இருக்கட்டும். பள்ளத்தை இந்த வடிகட்டி தொடாது. அதை நிரப்பவும் நான் முயலமாட்டேன், ஏனென்றால் இரு கூம்புகளும் ஒன்றை ஒன்று வெட்டும் இடத்தில் சத்தத்தைக் கூட்டினால் வெட்டும் கூடத்தான் செய்யும்.

இன்னொன்று, இது மலைநாட்டுக்காரர்களுக்கு. தென்மேற்குப் பருவமழை மாதங்களில் கடதாசிக் கூம்பு ஈரம் குடிக்கிறது. மேல் சுருதிகள் தாமாகவே மங்குகின்றன, வடிகட்டியும் சேர்ந்தால் சத்தம் போர்வைக்குள் போய்விடுகிறது. ஆகவே வடிகட்டியைக் குறுக்காகக் கடந்துபோக ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறேன். முன்பலகையில் இருக்கும் மிகப் பயனுள்ள பொருள் அதுதான்.

இத்தனைக்கும் பிறகு இலங்கை வானொலியின் பழைய தமிழ் ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டால் அறிவிப்பாளர் அறைக்குள் வந்து நின்று பேசுகிறார். இருவழி ஸ்பீக்கர்களில் பெரும்பாலும் 2, 3 கிலோஹெர்ட்ஸ் வாக்கில் ஒலி ஒரு டிரைவரிடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும். இங்கே கைமாற்றம் இல்லை. குரல் ஒரே புள்ளியிலிருந்து பிறக்கிறது. இதற்கு நிகராக என் காது இன்னும் எதையும் கேட்கவில்லை.

பண்டாரவளை நண்பர், இந்த எட்டு அங்குல டிரைவரின் விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்கிறார். வாங்க வேண்டாம். குரலுக்காக ஆசைப்பட்டு மாதக்கணக்கில் மின்தடை மாற்றிக்கொண்டிருக்கும் பொறுமை அவருக்கு இல்லை, இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. விஸ்ஸர் இல்லாத நான்கு அங்குல டிரைவரை எடுக்கட்டும். அதிலும் மேடுகள் உண்டு, பெரும்பாலும் இன்னும் மேலே இருக்கும், அடிநாதம் கொஞ்சம் குறையும். என்னுடைய சோடியை விலைக்குக் கேட்டிருந்தார். அது விற்பனைக்கு இல்லை.