ஸ்பானிஷ் இருமொழி ஆசிரியர் பயிற்சி: போய்ப் போய் அலுத்தவளின் அனுபவம்

டெக்சாஸில் இருமொழி வகுப்புக்கு மாறப் போகிற தோழி, இந்தப் பயிற்சிகளால் பிரயோஜனம் உண்டா என்று கேட்டாள். ஆசிரியர் சான்றிதழைப் புதுப்பிக்க ஐந்து வருடத்துக்கு 150 மணி நேரப் பயிற்சி, ஸ்பானிஷ் தேர்வு, இதெல்லாம் அவளுக்கே தெரியும். எங்கள் பள்ளி இருமொழி வகுப்பில் பாடம் பாதி ஆங்கிலத்தில், பாதி ஸ்பானிஷில். நான் ஆங்கிலப் பாதி எடுக்கிறேன். ஸ்பானிஷ் பாதி எடுக்கும் ஜோடி ஆசிரியையோடு இந்தப் பயிற்சிகளுக்கும் போய் உட்கார வேண்டியிருக்கிறது.

ஸ்பானிஷில் படிக்கக் கற்றுக்கொடுப்பவர்களுக்கான பயிற்சி, நடப்பதோ முழுக்க ஆங்கிலத்தில். சரி, அது கூடப் போகட்டும். ஆங்கில ஃபோனிக்ஸுக்குப் போட்ட குறில் நெடில் அட்டவணையை அப்படியே ஸ்பானிஷுக்கும் நீட்டுகிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஸ்பானிஷில் உயிர் ஐந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒலி. நம் உயிர்மெய் வரிசை மாதிரி ம, மெ, மி, மொ, மு என்று அசை அசையாகச் சொல்லிக்கொடுத்தால் பெரும்பாலான பிள்ளைகள் சீக்கிரமே வாசித்துவிடும். திணறுவது எழுதும்போதுதான். ஹெச்சுக்குச் சத்தமே கிடையாது, பி-க்கும் வி-க்கும் ஒரே சத்தம், அதனால் 'ஓலா'வில் (hola) ஹெச்சை விட்டுவிடுவார்கள், 'வாமோஸ்' (vamos) எழுதச் சொன்னால் பி-யில் ஆரம்பிப்பார்கள். இதற்கு என்ன செய்வது என்று கேட்டால் பயிற்சியாளர் அடுத்த ஸ்லைடுக்குத் தாவுகிறார். மெக்சிகோவில் ஒன்றாம் வகுப்பு எடுத்துப் பழம் தின்று கொட்டை போட்ட என் ஜோடி ஆசிரியை பக்கத்தில் நோட்டில் கிறுக்கிக்கொண்டிருக்கிறார், அவரை ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை.

ஆனால் டிக்டாடோவைக் காட்டிக்கொடுத்ததும் இதே பயிற்சிதான், அதையும் சொல்ல வேண்டும். லத்தீன் அமெரிக்கப் பள்ளிகளின் பழைய சொல்வதெழுதுதல், இங்கே கொஞ்சம் மாற்றியிருக்கிறார்கள். வாரம் முழுக்க ஒரே சின்னப் பத்தி. ஆசிரியர் சொல்லச் சொல்ல எழுதிவிட்டு, எல்லோருமாகப் பேசி, கலர் பென்சிலால் பிள்ளைகளே திருத்துவார்கள். அழிரப்பர் கூடாது. திங்களன்று சிவப்பாகக் கிடக்கிற தாள் வெள்ளிக்குள் ஏறக்குறைய சுத்தமாகிவிடும். விட்டுப்போன ஹெச்சை மேலே செருகிவிட்டு, பெரிய ஆள் மாதிரி பக்கத்து நோட்டை எட்டிப் பார்ப்பார்கள். ஆங்கிலப் பக்கத்திலும் இதையே செய்கிறேன், அப்படி எடுபடுகிறது. இந்த ஒன்றுக்காகவே போகலாம்.

ஆனாலும் போன வாரப் பயிற்சியின் சூடு இன்னும் அடங்கவில்லை, அதனால் தோழிக்கு என் பதில்: போகாதே. மணிக்கணக்கை எதையாவது செய்து ரொப்பிக்கொள், நேரம் கிடைத்தால் என் ஜோடி ஆசிரியை வகுப்பில் கடைசி பெஞ்சில் வந்து உட்கார். அடுத்த பயிற்சிக்கு நான் பெயர் கொடுத்தாச்சு, அது வேறு விஷயம்.