லிவியாதானுக்கு முன்னால் இரண்டு புத்தகங்கள்: ஹாப்ஸை எங்கே தொடங்குவது?

பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில அரசியல் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் என்றால் எல்லாரும் கை நீட்டுவது அவருடைய லிவியாதானைத்தான். வாங்குவார்கள், 13ஆம் அத்தியாயம் வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு படிப்பார்கள், அரசில்லாத மனித வாழ்க்கை தனிமையானது, வறியது, அருவருப்பானது, மிருகத்தனமானது, அற்ப ஆயுள் கொண்டது என்ற அந்த வரிக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு போடுவார்கள், அப்புறம் புத்தகம் அலமாரிக்குப் போய்விடும். நானும் இரண்டு முறை அப்படித்தான் செய்தேன். மூன்றாவது முறை எடுத்தபோதுதான் உறைத்தது: இதே வாதத்தை அவர் இதற்கு முன்பே இரண்டு முறை எழுதி முடித்திருக்கிறார். இரண்டும் இதைவிட மிகச் சிறியவை.

முதலாவது 'சட்டத்தின் மூலக்கூறுகள்'. நியூகாசில் பிரபுவுக்கு எழுதிய சமர்ப்பணக் கடிதத்தில் 1640 மே 9 என்று தேதி இருக்கிறது. அதற்கு நான்கு நாள் முன்புதான் இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னர், கூடி மூன்று வாரமே ஆன நாடாளுமன்றத்தைக் கலைத்திருந்தார். புத்தகம் அச்சேறவில்லை, கையெழுத்துப் பிரதியாகவே கை மாறியது. அந்த ஆண்டு நவம்பரில் அடுத்த நாடாளுமன்றம் கூடியதும், மன்னரின் பக்கம் நின்ற ஹாப்ஸ் பயந்துபோய் பாரிசுக்குக் கிளம்பிவிட்டார். ஓடியவர்களில் முதல் ஆள் தான்தான் என்று பிற்பாடு அவரே ஒளிவுமறைவின்றி எழுதினார்.

இரண்டாவது 'டி சிவே', அதாவது 'குடிமகனைப் பற்றி'. லத்தீனில் எழுதியது. 1642இல் பாரிசில் கொஞ்சம் பிரதிகள் மட்டும் அச்சிட்டு நண்பர்களுக்குக் கொடுத்தார். 1647இல் ஆம்ஸ்டர்டாமின் எல்செவியர் அச்சகம் புதிய முன்னுரையோடும் ஆட்சேபணைகளுக்குப் பதில் சொல்லும் குறிப்புகளோடும் வெளியிட்ட பிறகே ஐரோப்பா முழுக்க அவர் பெயர் பரவியது. மூன்றாவது, 1651இல் லண்டனில் ஆண்ட்ரூ குரூக் வெளியிட்ட லிவியாதான். தமிழ் விவிலியத்தில் யோபு புத்தகத்தின் 41ஆம் அதிகாரத்தில் தூண்டிலில் சிக்காத மிருகமாக வருமே, அதே லிவியாதான்தான்.

மூன்றுக்கும் எலும்புக்கூடு ஒன்றே. மனிதர்கள் ஏறக்குறைய சமம், ஆகையால் எவரும் எவரையும் கொல்ல முடியும், அதனால் அச்சம், அச்சத்தால் போர், போரிலிருந்து தப்ப உடன்படிக்கை, உடன்படிக்கையைக் காக்க ஒரு வலிமை. சரி, ஒன்றைப் படித்தால் போதாதா? போதாது. ஏனென்றால் எதை முதலில் படிக்கிறோம் என்பதைப் பொறுத்து நம் மனதில் உட்காரும் ஹாப்ஸ் வேறு ஆளாகிவிடுகிறார்.

'மூலக்கூறுகள்' தரும் ஹாப்ஸ், மனிதரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவர். இதில் உணர்ச்சிகளைப் பற்றி வரும் 9ஆம் அத்தியாயத்தின் முடிவு, என் கணக்கில், மூன்று புத்தகங்களிலும் சிறந்த ஒரு பக்கம். வாழ்க்கையை ஓட்டப்பந்தயமாகப் பார்க்கச் சொல்கிறார். இந்தப் பந்தயத்துக்கு எல்லைக்கோடு கிடையாது, மாலை கிடையாது. முன்னால் இருப்பது ஒன்றே குறி. பிறகு உணர்ச்சிகளை வரிசையாக அடுக்குகிறார். பின்னால் வருபவர்களைப் பார்த்தால் பெருமிதம், முன்னால் போகிறவர்களைப் பார்த்தால் பணிவு. திடீரென்று தடுக்கி விழுந்தால் அழுகை. அடுத்தவன் விழுவதைப் பார்த்தால் சிரிப்பு. எப்போதும் பிந்திக்கொண்டே இருப்பது துன்பம், முன்னால் போகிறவனை ஓயாமல் முந்திக்கொண்டே இருப்பது இன்பம். பந்தயத்தை விட்டு விலகினால் சாவு. லிவியாதானில் உணர்ச்சிகளின் பட்டியல் நீளமாகவே இருக்கிறது, ஆனால் இந்தப் பந்தயம் அங்கே இல்லை. ஏன் விட்டார் என்று எனக்கு இன்னும் ஆற்றாமைதான்.

'டி சிவே' தரும் ஹாப்ஸ் கணக்கு வாத்தியார். நாற்பது வயதில்தான் யூக்ளிடின் வடிவியல் நூலைத் திறந்து பார்த்து மயங்கியவர் அவர் என்பது இந்தப் புத்தகத்தில்தான் பளிச்சென்று தெரியும். மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்ற பகுதியே இதில் கிடையாது. உடல், மனிதன், குடிமகன் என்று மூன்று பாகமாக ஒரு பெரிய தத்துவத்தை எழுதத் திட்டமிட்டிருந்தார். மன்னருக்கும் நாடாளுமன்றத்துக்கும் இடையிலான உள்நாட்டுப் போர் நெருங்கவே மூன்றாவது பாகம் முந்திக்கொண்டது. முதல் இரண்டும் 1655இலும் 1658இலும் மெதுவாக வந்து சேர்ந்தன. அதனால் 'டி சிவே' நேராக விஷயத்துக்கு வருகிறது: சுதந்திரம், ஆட்சி, மதம் என்று மூன்று பகுதி, 18 அத்தியாயம். முதல் அத்தியாயத்திலேயே அரிஸ்டாட்டிலோடு மோதல். மனிதன் இயல்பிலேயே கூடி வாழும் உயிர் என்பதை மறுக்க அவர் எடுக்கும் உதாரணம், விருந்துக் கூட்டம்! நாலு பேர் சேர்ந்தால் அங்கே இல்லாதவரைக் கிழிக்கிறார்கள். எழுந்து போகிறவருக்கும் கொஞ்சம் விழுகிறது. ஆகவே எப்போதும் கடைசியாகக் கிளம்பும் வழக்கம் வைத்திருந்த ஒருவருடைய யோசனை மோசமில்லை என்கிறார். கணக்கு வாத்தியாருக்கும் குறும்பு உண்டு.

பலரும் லிவியாதானில் தேடி ஏமாறும் இரண்டு வாசகங்கள் இந்தப் புத்தகத்தைச் சேர்ந்தவை. எல்லாருக்கும் எதிராக எல்லாரும் நடத்தும் போர் என்ற லத்தீன் தொடர் ஒன்று. மனிதனுக்கு மனிதன் ஓநாய் என்பது இன்னொன்று. இந்த இரண்டாவதைப் பாதியாக வெட்டித்தான் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்கள். சமர்ப்பணக் கடிதத்தில் அவர் எழுதியது, மனிதனுக்கு மனிதன் கடவுள், மனிதனுக்கு மனிதன் ஓநாய், இரண்டுமே உண்மை என்று. ஒரே நாட்டுக் குடிமக்களுக்குள் முதலாவது, நாட்டுக்கும் நாட்டுக்கும் இடையில் இரண்டாவது.

கருத்தளவில் மூன்றும் எங்கே பிரிகின்றன? முதலில் மக்களாட்சி. 'மூலக்கூறுகள்', 'டி சிவே' இரண்டிலும் ஒரு விசித்திரமான வாதம் உண்டு. கூடி முடிவெடுக்கும் மக்கள் கூட்டம், அதாவது மக்களாட்சிதான், அரசுகளில் முதலில் தோன்றியது. பிரபுக்களாட்சியும் முடியாட்சியும் அதிலிருந்தே பிறந்தன. மன்னரின் ஆதரவாளர் இப்படிச் சொல்வது கொஞ்சம் சங்கடம்தான். மக்களாட்சி என்பது உண்மையில் பேச்சாளர்களின் பிரபுக்களாட்சி, இடையிடையே ஒரு பேச்சாளரின் தற்காலிக முடியாட்சி என்று 'மூலக்கூறு'களில் ஒரு குத்தும் வைக்கிறார். தேர்தல் மேடைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது விளக்கம் இல்லாமலே புரியும். லிவியாதானில் இந்த வாதம் மறைந்துவிடுகிறது.

அதன் இடத்துக்கு வருவதுதான் லிவியாதானின் உண்மையான புதுச் சரக்கு: 16ஆம் அத்தியாயம். நாடக மேடையின் முகமூடியிலிருந்து தொடங்குகிறார். நடிகர் பேசும் சொல்லுக்கு உரியவர் வேறொருவர். அதுபோல ஆள்பவர் நடிகர், நாம் ஒவ்வொருவரும் அவர் செயலுக்கு ஆசிரியர். முந்தைய புத்தகங்களில் மனிதர்கள் தம் எதிர்ப்புரிமையை விட்டுக்கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இங்கே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள்: என்னை ஆளும் என் உரிமையை இவருக்குக் கொடுத்து, இவர் செய்வதற்கெல்லாம் அதிகாரம் தருகிறேன், நீயும் அப்படியே செய்தால். இதன் விளைவு பெரியது. மன்னர் தவறு செய்தார் என்று நீங்கள் குற்றம் சாட்டினால், உங்களையே குற்றம் சாட்டிக்கொள்கிறீர்கள். இந்தத் தந்திரத்தை ஏற்கலாம், ஏற்காமலும் இருக்கலாம் (எனக்கு இது கொஞ்சம் கையில் நழுவும் வாதமாகவே படுகிறது), ஆனால் பிரதிநிதித்துவம் என்ற சொல்லைப் பற்றிப் பிற்காலத்தில் யோசித்தவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போக முடிந்ததில்லை.

இரண்டாவது பிரிவு மதம். 'டி சிவே'யில் நான்கு அத்தியாயம். அதில் ஆங்கிலத் திருச்சபைக்காரர்கள் நிம்மதியாக மூச்சுவிட ஓர் இடம் இருந்தது: வேதத்துக்குப் பொருள் சொல்லும் உரிமை ஆள்பவருடையது என்றாலும், முறைப்படி பட்டம் பெற்ற குருமார் வழியாகவே அவர் அதைச் செய்ய வேண்டும் என்றிருந்தது. லிவியாதானில் அந்தக் கதவைச் சாத்திவிட்டார். நினைத்தால் மன்னரே பிரசங்கிக்கலாம், ஞானஸ்நானம் கொடுக்கலாம். 47 அத்தியாயங்களில் கடைசி 16 முழுக்க மதம்தான். பக்கக் கணக்கில் ஏறக்குறைய பாதிப் புத்தகம். பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் சத்தமில்லாமல் விட்டுவிடும் பாதி இது. ஆனால் அந்தக் காலத்தில் மக்களைக் கொதிக்க வைத்தது இந்தப் பாதிதான். பாரிசில் நாடு கடந்து தங்கியிருந்த இளவரசருக்கு, பின்னாளில் இரண்டாம் சார்லஸ் ஆனவருக்கு, கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஹாப்ஸ். லிவியாதானின் அழகான கையெழுத்துப் பிரதி ஒன்றை அவருக்கே பரிசளித்தார். பதிலுக்குக் கிடைத்தது, அரசவைப் பக்கம் வராதே என்ற உத்தரவு. 1652 தொடக்கத்தில் அவர் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டார்.

படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், அதுவே ஒரு தனிப் பாடம். 1642 'டி சிவே'யின் முகப்பில் இரண்டு உருவங்கள். ஒரு பக்கம் ஆட்சி: கிரீடம், தராசு, வாள், பின்னால் விளைந்த வயல். மறுபக்கம் சுதந்திரம்: வில்லும் அம்புமாக ஓர் அமெரிக்கப் பழங்குடி மனிதர். அந்தப் பழங்குடி மனிதரைக் காட்டுமிராண்டித்தனத்தின் அடையாளமாக நிறுத்தியதில் அந்தக் கால ஐரோப்பியத் திமிர் அப்பட்டமாகத் தெரிகிறது. லிவியாதான் முகப்பில் ஆப்ரஹாம் பாஸ் செதுக்கிய ஒரே ஒரு ராட்சத மன்னர், ஒரு கையில் வாள், மறு கையில் ஆயரின் செங்கோல். உடல் முழுக்க நூற்றுக்கணக்கான சிறு மனிதர்கள், எல்லாரும் நமக்கு முதுகைக் காட்டி மன்னரின் முகத்தைப் பார்க்கிறார்கள். இளவரசருக்குக் கொடுத்த பிரதியில் வரைந்த படத்திலோ அந்த முகங்கள் நம்மைப் பார்க்கின்றன. 'டி சிவே' படத்தில் எதை விட்டு எதை எடுப்பது என்று இரண்டு வழி இருக்கிறது. லிவியாதான் படத்தில் தேர்வு முடிந்துவிட்டது, எல்லாரும் அந்த உடலுக்குள் போய்விட்டார்கள்.

1668இல் வந்த லத்தீன் லிவியாதானையும் சேர்க்கலாமா என்று கேட்டால், முதல் வாசிப்புக்கு வேண்டாம். ஆதிக் கிறிஸ்தவர்களைப் போல அவரவர் விரும்பிய போதகரைப் பின்பற்றுவதே ஒருவேளை சிறந்தது என்று 1651இல் எழுதியதை அதில் எடுத்துவிட்டார், அது ஒன்றைத் தெரிந்துகொண்டால் போதும். அவருக்குப் பயப்படக் காரணம் இருந்தது. 1666இல், லண்டன் தீ விபத்துக்குச் சில வாரங்களில், நாத்திகத்துக்கு எதிரான மசோதாவைப் பேசிய நாடாளுமன்றம் லிவியாதானைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது. விலை என்னவோ ஏறிக்கொண்டே போனது. அந்தக் கால லண்டன்வாசி சாமுவேல் பீப்ஸ் தன் நாட்குறிப்பில் 1668 செப்டம்பரில் எழுதுகிறார்: முன்பு 8 ஷில்லிங்குக்கு விற்றதைப் பழைய புத்தகமாக 24 ஷில்லிங் கொடுத்து வாங்கினேன், 30க்கும் போகிறது, ஆயர்கள் மறுபடி அச்சிட விடமாட்டார்களாம்.

ஹாப்ஸின் இன்னொரு புத்தகமான 'பிகெமோத்' வேறு ரகம். 1640 முதல் 1660 வரை நடந்த கலவரங்களை இரண்டு பேர் உரையாடுவதாகச் சொல்லும் வரலாறு. இரண்டாம் சார்லஸ் அச்சிட அனுமதிக்கவில்லை. ஹாப்ஸ் 91 வயதில் இறந்த 1679இல் திருட்டுப் பதிப்பாக வந்தது. டிராய் நகருக்கு மரக்குதிரை எப்படியோ அப்படித்தான் இந்த நாட்டுக்குப் பல்கலைக்கழகங்கள் என்று அதில் ஒரு பாத்திரம் சொல்கிறது. வாதம் வேண்டாம், கோபம் போதும் என்பவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம். எனக்கு இரண்டாவது உரையாடலுக்குப் பிறகு சலிப்பு தட்டியது.

என் பரிந்துரை பலருக்கு ஒப்பாது. வாதத்தின் சுத்தத்துக்கு 'டி சிவே'தான் முதல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் லத்தீன் தெரியாத நமக்கு அது மொழிபெயர்ப்பாகவே கிடைக்கும். 1651இல் வந்த ஆங்கில வடிவமும் ஹாப்ஸின் கை அல்ல. மூல லத்தீனிலிருந்து 1998இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட மொழிபெயர்ப்பு நம்பகமானது, ஆனாலும் அதில் குரல் அவருடையதல்ல. 'மூலக்கூறுகள்' அவரே எழுதிய ஆங்கிலம், 29 சிறு அத்தியாயங்கள். 1650இல் 'மனித இயல்பு' என்றும் 'அரசியல் உடல்' என்றும் இரண்டு துண்டாக அச்சாகி, 1889இல் ஜெர்மன் அறிஞர் ஃபெர்டினாண்ட் டொன்னீஸ்தான் அதை ஒன்றாக்கிப் பதிப்பித்தார். ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். அதை முடித்துவிட்டு 'டி சிவே'யின் முன்னுரையையும் முதல் அத்தியாயத்தையும் மட்டும் படியுங்கள். அந்த முன்னுரையில், முடியாட்சியே சிறந்தது என்பதை மட்டும் இந்தப் புத்தகத்தில் நான் நிரூபிக்கவில்லை, பெரும்பாலும் சரியாக இருக்கும் என்றுதான் சொல்லியிருக்கிறேன் என்று அவர் ஒப்புக்கொள்ளும் இடம் ஒன்று வரும். ஹாப்ஸ் தயங்குவதை வேறெங்கும் அவ்வளவு எளிதாகப் பார்க்க முடியாது.

அப்புறம் லிவியாதான். 13இலிருந்து 18 வரை. மூச்சு வாங்கிக்கொண்டு, 42ஆம் அத்தியாயத்தின் நீளத்தைக் கண்டு பயப்படாமல் அதைத் தள்ளிவிட்டு, நேரே 47க்குப் போங்கள். கோபமும் கிண்டலும் ஒன்றாகக் கொதிக்கும் அத்தியாயம். இறந்துபோன ரோமப் பேரரசின் ஆவி, தன் கல்லறை மேலேயே முடிசூடி உட்கார்ந்திருப்பதுதான் போப்பாண்டவரின் ஆட்சி என்கிறார். பிறகு அந்த ஆட்சியைக் கிழவிகள் சொல்லும் மோகினிக் கதைகளின் ராஜ்ஜியத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டே போகிறார். மோகினிகள் பாலாடையை வழித்துத் தின்னும், குருமார் நாட்டின் பாலாடையை. மோகினிகள் கல்யாணம் செய்துகொள்வதில்லை, ஆனால் ரத்தமும் சதையுமான மனிதரோடு கூடுகிறவை அவற்றில் உண்டு. அடுத்த வாக்கியம்: குருமாரும் கல்யாணம் செய்துகொள்வதில்லை. அதற்கு மேல் ஒரு சொல் எழுதாமல் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறார்.