மெல்லிய பசையோடு ஆறு வருஷம்: பிழையாக ஒட்டியதைப் பிரித்த அனுபவம்

பிளாஸ்டிக் விமான மொடல்கள் ஒட்டுவதற்கு, தமியா எக்ஸ்ட்ரா தின் என்ற தண்ணீர்போன்ற பசையை ஆறு வருஷமாகப் பாவிக்கிறேன். பச்சை மூடி, அதிலேயே தூரிகை, 40 மில்லிலீற்றர் போத்தல். கொழும்பிலிருந்து கூரியரில் யாழ்ப்பாணம் வரும். ஒட்டுவதற்காகத்தான் வாங்கினேன். ஆனால் பிழையாக ஒட்டியதைப் பிரிக்கத்தான் அது எனக்குக் கூடுதலாக உதவியிருக்கிறது.

முதல் பிழை ஒரு ஹரிக்கேனில், பிரித்தானியச் சண்டை விமானத்தின் 72இல் ஒரு பங்கு அளவு மொடல். 1942 ஏப்ரல் 5 அன்று கொழும்பைத் தாக்க வந்த ஜப்பானிய விமானங்களை எதிர்த்து ரத்மலானையிலிருந்தும் குதிரைப் பந்தயத் திடலிலிருந்தும் எழும்பிய வகை அது. வடிவாகச் செய்யவேண்டும் என்று ஆசைப்பட்டேன். ஒட்டிவிட்டு அடுத்த நாள் காலையில் எடுத்து நேர் முன்னால் வைத்துப் பார்த்தால், வலது இறக்கையின் நுனி இடதைவிட 3 மில்லிமீற்றர் தாழ்ந்திருந்தது.

இந்தப் பசை சாதாரண கம் போல இடையில் நின்று பிடிப்பதில்லை. அதிலுள்ள அசிட்டோனும் பியூட்டைல் அசிட்டேட்டும் பிளாஸ்டிக்கின் இரண்டு பக்கத்தையும் கரைக்கும். அவை ஆவியானதும் இரண்டும் ஒன்றாகிவிடும். அப்படியென்றால் மூட்டைத் திரும்ப நனைத்தால் திரும்ப இளகத்தானே வேண்டும்? தூரிகையால் மூட்டு நீளத்துக்குத் தொட்டேன், ஒரு நிமிஷம் விட்டேன், மறுபடி தொட்டேன். ஐந்தாறு தரம். பிறகு கத்தியின் முனையை மெல்ல உள்ளே வழுக்கிவிட்டேன். நெம்பக்கூடாது, நெம்பினால் வேறிடத்தில் உடையும். முக்கால் மணித்தியாலத்தில் இறக்கை கையோடு வந்தது. ஒரு மாதம் காய்ந்த வால் இறக்கை ஒன்று மட்டும் இதற்கு மசியவில்லை, நுண்வாளால் அறுத்தேன்.

பிரித்த விளிம்பு குழம்பித்தான் இருக்கும். அந்த நேரம் விரல் பட்டால் ரேகை அப்படியே பதியும். பட்டுவிட்டாலும் துடைக்காதீர்கள். இரண்டு நாள் விட்டு 400, 800, 1200 சாண்ட் பேப்பரால் தேய்த்தால் போய்விடும். இடைவெளிக்கு, உதிரிகள் கோத்து வரும் சட்டத்தைச் சிறுசிறாக வெட்டிப் பழைய போத்தலில் இதே பசையில் ஊறவைத்த கூழ். மொடலின் அதே பிளாஸ்டிக் என்பதால் சேர்ந்து தேயும். ஆனால் காயக் காயச் சுருங்கும். நான் மூன்றாம் நாளே தேய்த்துப் பெயின்ற் அடித்தேன்; அடுத்த கிழமை மூட்டு வழியே பள்ளமாக ஒரு கோடு விழுந்துவிட்டது. இப்போது பத்து நாளாவது விடுகிறேன், மாரியில் இன்னும் கூட.

சுப்பர் குளூவால் ஒட்டியதற்கு இந்த வழி சரிவராது. அதற்கு ஐஸ்பெட்டி. குளிரில் அந்தப் பசை நொறுங்கும் தன்மைக்கு வரும், மெல்லத் தட்டினால் கழரும். பிளேன் என்றாலே பங்கருக்குள் ஓடிய நாட்களை நினைக்கும் அம்மா, மீன் பக்கத்தில் மொடலைக் கண்டு, "உதை ஏன் தம்பி இதுக்குள்ள வைச்சனி?" என்றா. காரணம் சொன்னேன், பேசாமல் மீனைத் தள்ளி இடம் விட்டா. நகப்பூச்சு அகற்றியை மட்டும் ஊற்றவேண்டாம், இறக்கையின் மேலுள்ள கோடுகள் முழுக்கக் கரைந்துபோகும்.

விமானி அறைக் கண்ணாடிக்குச் சுப்பர் குளூ பக்கத்திலும் போகக்கூடாது. ஆவியே வெள்ளைப் புகைபோலப் படியும். வெளியே படிந்ததை பற்பசையால் தேய்த்து எடுத்தேன், உள்ளே படிந்தது அப்படியே நிற்கிறது. மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசை போதும், வழிந்தால் ஈரத்துணியால் துடைக்கலாம்.

ஒரு குறை. எங்கள் வெயிலுக்குப் போத்தல் சீக்கிரம் வற்றும். வேலைக்கு நடுவிலும் மூடியை மூடிவையுங்கள். இரண்டாவது போத்தலை அப்படித்தான் பாதியில் இழந்தேன்.

ஹரிக்கேன் இப்போது அலமாரியில் நேராக நிற்கிறது.